தோட்டை அடகு வைத்து ட்ரோன் படிக்கலாமா?

கடந்த மாதம் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் கிளைக் கூட்டம் நடந்தது. நிலுவைச் சம்பளம், பிள்ளை மடுவத்தின் ஒழுகும் கூரை, பீலித் தண்ணீர் என்று எல்லாம் பேசி முடித்து எழும்பும் நேரம். பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு தாய் எழுந்து கேட்டார்: "தலைவரே, எம் மகன் ட்ரோன் ஓட்டப் படிக்கப் போறேங்கிறான். கொழும்புல ஒன்றரை லட்சம் கேக்குறாங்களாம். எங்கிட்ட இருக்கிறது ஒரு சோடி தோடுதான். அதை வச்சுக் கட்டலாமுங்களா?"

சிலர் சிரித்தார்கள். தோட்டத் தலைவருக்குப் பதில் தெரியவில்லை. அங்கிருந்த எமக்கும் அன்று தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறோம் என்று அந்தத் தாயிடம் சொல்லிவிட்டு வந்தோம். ஒரு மாதமாக விசாரித்ததில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறோம். அந்த வீட்டுக்கு மட்டுமான பதிலல்ல இது. இதே கேள்வி இன்று பல லயங்களில் இராச்சாப்பாட்டு நேரத்தில் கேட்கப்படுவதாக அறிகிறோம்.

முதலில் சிரித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ட்ரோன் கல்யாண வீட்டுப் படப்பிடிப்போடு நின்றுவிடவில்லை. கீழ்நாட்டு வயல்களில் நெல்லுக்கு மருந்தும் திரவ உரமும் தெளிக்க அது வந்து சில வருடங்களாகிவிட்டன. தேயிலையிலும் சில கம்பனிகள் ஓட்டிப் பார்த்துவிட்டன. ஆள் பற்றாக்குறை என்று துரைமார் சொல்லும் ஒவ்வொரு கூட்டத்திலும் இந்த இயந்திரத்தின் பெயர் இப்போது அடிபடுகிறது. எமது மலைக்கு அது வருமா என்று கேட்கும் காலம் போய்விட்டது. வரும்போது அதன் கட்டுப்பாட்டுக் கருவி யார் கையில் இருக்கும் என்பதுதான் இன்றைய கேள்வி.

இதில் எமது சங்கங்கள் எல்லாமே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. களைகொல்லி வந்து புல்வெட்டுப் பேர்கள் குறைந்தபோதும், கொழுந்தெடுக்கக் கத்தரி வந்தபோதும், இயந்திரம் மலைக்குள் இறங்கிய பிறகுதான் நாம் விழித்தோம். பிறகு அதை எதிர்த்தோம், பிறகு பழகினோம். அதற்கான கூலி என்ன, பாதுகாப்பு என்ன, பயிற்சி யாருக்கு என்று முன்கூட்டியே பேசவில்லை. இந்த முறையாவது முந்திக்கொள்வோம்.

இனி அந்த ஒன்றரை இலட்சத்துக்கு வருவோம். 2026 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தின்படி நாட்சம்பளம் 1,550 ரூபா, அரசாங்கத்தின் வருகைக் கொடுப்பனவு 200 ரூபா, சேர்த்து 1,750. இந்தக் கணக்கில் ஒன்றரை இலட்சம் என்பது 86 முழுப்பேர். அதில் ஒரு சதம்கூட அரிசிக்கும் மாவுக்கும் போகாமல் 86 நாள் மலைக்குப் போயிருக்க வேண்டும். மாதம் 22 பேர் விழுந்தால் ஏறக்குறைய நான்கு மாதம். அத்தனை நாள் உழைப்பைக் கொடுத்து வாங்கும் பொருள் என்னவென்று பார்க்காமல் கொடுக்கக் கூடாது.

சிலர் கொடுத்திருக்கிறார்கள். எமது உறுப்பினர் ஒருவரின் மகன் இரண்டு வருடங்களுக்கு முன் இப்படித்தான் ஒரு நிலையத்தில் பணம் கட்டினார். மூன்று நாள் வகுப்பு. ஒரு பெரிய மைதானத்தில் சிறிய ட்ரோன் ஒன்றை இருபது பேர் மாறி மாறிக் கையில் வைத்துப் பார்த்தார்கள். அவர் பறக்கவிட்ட நேரம் எல்லாம் சேர்த்து அரை மணித்தியாலம் வராது. தங்க முத்திரை குத்திய அழகான சான்றிதழ் கொடுத்தார்கள். அது இன்று காம்பராச் சுவரில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. வேலை கேட்டுப் போன இடங்களில் எவரும் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. கட்டுவதற்காக எடுத்த நுண்கடனை அவருடைய அம்மா இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்.

ஆகவே பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்விகளைப் பிள்ளைகள் எழுதி எடுத்துப் போகட்டும். ஒரு மாணவருக்கு எத்தனை மணித்தியாலம் பறக்கவிடக் கிடைக்கும்? எந்த வகை ட்ரோன், படம் பிடிப்பதா, மருந்து தெளிப்பதா? இந்தச் சான்றிதழ் என்.வி.கியூ. மட்டத்துக்கு உட்பட்டதா, மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிலையம் பதிவு பெற்றிருக்கிறதா, பதிவு இலக்கம் என்ன? முன்பு படித்த மூன்று பேரின் தொலைபேசி இலக்கம் தருவீர்களா? கடைசிக் கேள்விக்குத் தயங்குகிற இடத்தில் தோட்டைக் கழற்ற வேண்டாம்.

சான்றிதழ் ஒரு புறம், சட்டம் இன்னொரு புறம். இந்த நாட்டில் வானம் சும்மா கிடக்கும் தரிசு நிலமல்ல. 2010 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க சிவில் விமானச் சட்டத்தின் கீழ் சிவில் விமான சேவைகள் அதிகாரசபைதான் ட்ரோன்களுக்கும் பொறுப்பு. வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியும் வேண்டும். பாதுகாப்பு அமைச்சின் கண்ணும் இதன்மேல் எப்போதும் உண்டு. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுத்தாக்குதல் நடந்த சில நாட்களிலேயே நாடு முழுவதும் ட்ரோன் பறக்கவிடுவது நிறுத்தப்பட்டதை மறந்துவிடக் கூடாது. அன்று தொழிலுக்காக வாங்கி வைத்திருந்தவர்களும் பெட்டியை மூடிவைத்துவிட்டுத்தான் இருந்தார்கள். அரசாங்கம் ஒரே அறிவித்தலில் நிறுத்திவிடக்கூடிய தொழில் இது என்பதை மனதில் வைத்துத்தான் கடன் வாங்குவதா இல்லையா என்று முடிவெடுக்க வேண்டும்.

மத்திய கிழக்கிலிருந்து வருகிற உறவினர் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்த ட்ரோனைப் பதியாமல் பறக்கவிடும் தம்பிமாருக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறோம். பொருள் பறிபோவது ஒரு பக்கம். தமிழ் இளைஞன் ஒருவன் அனுமதியில்லாத ட்ரோனோடு பிடிபட்டால் பொலிஸ் நிலையத்தில் கேட்கப்படும் கேள்விகள் ட்ரோனைப் பற்றியவையாக மட்டும் இருக்காது. இதை எழுத விருப்பமில்லைதான். எழுதாமல் விடவும் முடியவில்லை.

சரி, தொழில் எப்படியிருக்கும்? தெரிந்துகொள்ள ஒரு இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். டீஜேஐ நிறுவனத்தின் அக்ராஸ் டி40 என்பது விவசாய ட்ரோன்களில் பேர் பெற்ற ஒன்று. 40 லீற்றர் டாங்கி. மருந்து நிரப்பிக் கிளம்பும்போது மொத்த எடை 90 கிலோ வரை போகும். நாம் முதுகில் சுமக்கும் டாங்கி 16 லீற்றர். அப்படியானால் இரண்டரை டாங்கி மருந்தை அது ஒரே தூக்கில் கொண்டுபோகிறது. ஆனால் முழுச் சுமையோடு அந்தரத்தில் அது நிற்கக்கூடியது ஏழு நிமிடம் அளவில்தான். பிறகு கீழே இறங்க வேண்டும், பற்றரி மாற்ற வேண்டும், மருந்து நிரப்ப வேண்டும், மறுபடி ஏற்ற வேண்டும். பகல் முழுவதும் இதேதான். றோட்டோரத்தில் ஜெனரேட்டர் இரைந்துகொண்டிருக்கும். ஒருவர் பற்றரிகளைச் சார்ஜ் ஏற்றிக்கொண்டேயிருப்பார். ஒருவர் மருந்து கலப்பார். விமானி என்ற சொல்லைக் கேட்டதும் மனதில் வருகிற வெள்ளைச் சட்டையும் தொப்பியும் இங்கே இல்லை. கம்பூட்சும் முகமூடியும் வியர்வையும்தான்.

காற்று எழும்பும் முன் வேலையைத் தொடங்க வேண்டும் என்பதால் பெரட்டுக்கு முந்தியே எழும்ப வேண்டும். மழை என்றால் வேலை இல்லை. பனிமூட்டம் இறங்கினால் வேலை இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரத்துக்குள் ட்ரோன் இருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. எமது மலைகளில் காலை எட்டு மணிக்குத் தெரிகிற சவுக்கு மரம் எட்டரைக்கு மூட்டத்தில் மறைந்துபோகும்.

எமது பிள்ளைகளுக்கு இருக்கும் பெரிய மூலதனமே இந்த இடத்தில்தான் இருக்கிறது. வயலில் பழகியவர் தட்டையான நிலத்தில் கோடு போட்டதுபோல் ஓட்டிப் பழகியவர். தேயிலை மலையில் ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் இடையிலேயே நிலம் ஆள் உயரம் இறங்கும். நிழலுக்கு நட்ட சவுக்கும் முள்முருங்கையும் இடையிடையே நிற்கும். ஒரு பள்ளத்திலிருந்து மறு மேட்டுக்கு மின்கம்பி போகும். அந்தக் கம்பி கட்டுப்பாட்டுக் கருவியின் திரையில் தெரியாது. எந்த மலையில் எத்தனை மணிக்குக் காற்று திரும்பும், எந்தத் தொங்கலில் குளவிக்கூடு இருக்கிறது, எந்தக் கானுக்குப் பக்கத்தில் மண் இளகியிருக்கிறது என்பது கொழும்பிலிருந்து வருகிறவருக்கு எந்த வகுப்பிலும் கிடைக்காது. மருந்தடித்து இருபது வருடம் ஆன எமது அண்ணன்மாருக்கு அது தெரியும். அவர்களுடைய பிள்ளைகளுக்கும் தெரியும். ஒப்பந்தம் எடுக்கும் கம்பனிகள் இதை நன்றாக அறியும். அதனால்தான் வெளியாள் விமானியாக வரும் இடத்தில் கூடவே வழிகாட்ட ஒரு தோட்டத்துப் பையனைக் கூலிக்கு வைத்துக்கொள்கிறார்கள். வழி தெரிந்தவனுக்குக் கூலி, வழி தெரியாதவருக்குச் சம்பளம்!

ஆனாலும் தொடங்க விரும்பும் தம்பி தங்கையருக்கு அந்த உதவியாள் வேலையை அவமானமாக எண்ண வேண்டாம் என்றே சொல்லுவோம். காசு கட்டிப் படிப்பதைவிட, காசு வாங்கிக்கொண்டு ஆறு மாதம் பற்றரி சுமந்தால் தொழிலின் முக்கால்வாசி கைக்கு வந்துவிடும். அதற்கிடையில் கணினியிலோ கைத்தொலைபேசியிலோ பாவிக்கக்கூடிய பயிற்சி மென்பொருட்கள் இருக்கின்றன. அவற்றில் நூறு தடவை விழுந்தாலும் ஒரு ரூபா நட்டமில்லை. ஒவ்வொரு பறப்பையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள்: திகதி, இடம், எத்தனை நிமிடம், என்ன வேலை, என்ன பிழை. வேலை கொடுக்கிறவர் சுவரில் தொங்கும் சான்றிதழைவிட அந்தக் கொப்பியைத்தான் நம்புவார்.

இன்னொரு விடயத்தைத் தாய்மார் கவனிக்க வேண்டும். ட்ரோன் பற்றரி லிதியம் பற்றரி. அடிபட்டோ வீங்கியோ இருந்தால் சார்ஜ் ஏறும்போது தீப்பிடிக்கும். பிடித்தால் தண்ணீர் ஊற்றிச் சுலபமாக அணைக்க முடியாது. லயத்தில் ஒரு காம்பராவில் தீ வந்தால் என்ன ஆகும் என்று எமக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. ஒரே கூரை, ஒரே பலகைத் தட்டு, பழைய வயர். எத்தனை லயங்கள் ஒரே இரவில் சாம்பலாகியிருக்கின்றன! ஆகவே இராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கும் வேலை வேண்டாம். காம்பராவுக்கு வெளியே, சீமெந்துத் தரையில், ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் சார்ஜ் ஏற்றுங்கள். பெரிய விவசாய ட்ரோன் பற்றரியாக இருந்தால் லயத்துக்கே கொண்டுவர வேண்டாம். அதை வைக்கப் பாதுகாப்பான இடம் கொடுப்பது வேலை கொடுப்பவரின் கடமை.

உள்ளூரில் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டால், தேயிலையைத் தவிரவும் உண்டு என்பதே பதில். கல்யாணம், மஞ்சள் நீராட்டு, மாசிமகத் தேர் என்று விழாக்களுக்குப் படம் பிடிப்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் அதில் ஏற்கெனவே கூட்டம் அதிகம். சீசன் போனால் வருமானமும் போகும். எல்ல, தெமோதரைப் பக்கம் ஒன்பது வளைவுப் பாலத்தைப் படம் பிடித்து உல்லாசப் பயணிகளுக்குக் கொடுக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அங்கேயும் அனுமதி வேண்டும், அங்கேயும் போட்டி. நுவரெலியா, வெலிமடைப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களுக்கு மருந்து தெளிப்பது இன்னும் முழுதாகத் திறக்காத கதவு. ஆனால் அங்குள்ள பாத்திகள் சிறியவை, அண்டை நிலத்துக்குப் போகும் மருந்தால் சண்டை வரும்.

எமது பார்வையில் நீண்ட காலத்துக்கு நிற்கக்கூடிய வேலை நிலத்தை மேலிருந்து படமெடுத்து வரைபடமாக்கும் வேலைதான். ஒரு மலையின் மேல் ட்ரோனைக் கோடு கோடாக ஓட்டி நூற்றுக்கணக்கில் படம் எடுத்து, கணினியில் ஒன்றாகத் தைத்து, ஒரே பெரிய படமாக்குவார்கள். அதில் செத்துப்போன செடிகளின் வெற்றிடங்களை எண்ணலாம், கான் எங்கே உடைந்திருக்கிறது என்று பார்க்கலாம், மறுநடுகைக்குத் தவறணையிலிருந்து எத்தனை கன்று தேவை என்று கணக்கிடலாம். இதற்கான மென்பொருட்களில் ஓப்பன் ட்ரோன் மேப், கியூஜிஐஎஸ் போன்றவை இலவசம். ஒரு கணினியும் பொறுமையும் இருந்தால் உயர்தரம் படித்த பிள்ளைகள் வீட்டிலிருந்தே பழகலாம். ட்ரோனை ஓட்டுகிறவருக்கு மழை நாளில் வேலையில்லை. படத்தைத் தைக்கத் தெரிந்தவருக்கு மழை நாளிலும் வேலை உண்டு. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். காணி உறுதிக்குச் செல்லுபடியாகும் வரைபடத்தில் ஒப்பமிடும் அதிகாரம் பதிவு பெற்ற நில அளவையாளருக்கே உண்டு. ஏழு பேர்ச் காணிக்கு எல்லை போட்டுத் தருகிறேன் என்று கிளம்பிவிடக் கூடாது. அப்படியான அளவையாளரிடம் போய் வேலைக்குச் சேரலாம்.

மண்சரிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. 2025 ஆம் ஆண்டு இறுதியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்டபோது வீதி துண்டிக்கப்பட்ட தோட்டங்களில் என்ன நடந்திருக்கிறது என்று அடுத்த தோட்டத்தாருக்கே தெரியவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அபாயப் பிரதேசங்களை அடையாளமிடுகிறது. ஆனால் வெடிப்பு விழுந்த மலையை ஒவ்வொரு மழைக்கும் பிறகு போய்ப் பார்க்க எந்தத் திணைக்களத்திலும் ஆள் போதாது. தோட்டத்திலேயே வசிக்கிற, அனுமதி பெற்ற, பயிற்சி பெற்ற இளைஞர்கள் பிரதேச செயலகத்தோடும் இடர் முகாமைத்துவ நிலையத்தோடும் சேர்ந்து அந்த வேலையைச் செய்தால், அது அவர்களுக்கும் தொழில், லயத்துக்கும் காவல். அதற்கு இலவச சேவை என்று பெயர் வைத்துச் சிரமதானக் கணக்கில் முடித்துவிடாமல் கொடுப்பனவு கொடுக்கப்பட வேண்டும்.

இனி சங்கம் என்ற முறையில் எமக்கு நித்திரையைக் கெடுக்கும் விடயம். மருந்து தெளிப்பு.

முதுகில் டாங்கியைச் சுமந்து மலை ஏறி, தோளில் தழும்பும் கண்ணில் எரிச்சலுமாக வாழ்ந்தவர்கள் எமது உறுப்பினர்கள். அந்தச் சுமை இறங்குவது நல்லதுதான். அந்த வேலையை மகன் செய்யக் கூடாது என்றுதான் ஒவ்வொரு தகப்பனும் நினைக்கிறார். ஆனால் சுமை இறங்கும்போது பேரும் சேர்ந்து இறங்கினால்? இதில் கம்பனிகள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை, அப்படியே பயப்படவும் வேண்டியதில்லை. மேலிருந்து தெளிக்கும் ட்ரோனால் கொப்புள நோய்க்கான செம்பு மருந்தும் இலைக்கான திரவ உரமும் தெளிக்கலாம். வளர்ந்த தேயிலைக்குக் கீழே உள்ள புல்லுக்குக் களைகொல்லி அடிக்க முடியாது. மேலிருந்து அடித்தால் அது கொழுந்தில்தான் விழும். ஆகவே ட்ரோன் வந்துவிட்டது, இனி மருந்தடிக்க ஆளே தேவையில்லை என்று எந்தத் துரையாவது சொன்னால் அது கணக்குக் குறைப்பதற்கான பேச்சு. எந்த வேலை ட்ரோனுக்கு, எந்த வேலை கைக்கு என்று மலை மலையாகப் பிரித்து எழுதித் தரும்படி கேளுங்கள்.

இரண்டாவது, மருந்தின் கடுமை. கையால் அடிக்கும்போது டாங்கி டாங்கியாகத் தண்ணீரில் கரைத்து அடிக்கிறோம். ட்ரோன் அதே பரப்புக்கு மிகக் குறைந்த தண்ணீரில் தெளிக்கும். அப்படியானால் கலவை பல மடங்கு கடுமையானது. அதைக் கலந்து நிரப்புகிற உதவியாளின் கையில் படுவது பழைய மருந்தல்ல. துளியும் சிறியது, காற்றில் தூரம் போகும். அடுத்த மலையில் கொழுந்தெடுக்கும் பெண்கள்மேல் படும், பீலியில் படும், பிள்ளை மடுவத்தின் கொடியில் காயும் துணியில் படும். தெளிக்கும் நாளை முதல் நாள் பெரட்டிலேயே அறிவிக்க வேண்டும். அன்று பக்கத்து மலையில் ஆள் போடக் கூடாது. நீர் ஊற்றிலிருந்தும் லயத்திலிருந்தும் எவ்வளவு தூரம் விட வேண்டும், தெளித்து எத்தனை நாள் கழித்துக் கொழுந்தெடுக்கலாம் என்பதற்குத் தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிறுவனமும் பீடைகொல்லிப் பதிவாளரும் தமிழில் எழுத்து மூலம் வழிகாட்டல் தர வேண்டும். மருந்துத் தாளில் ஆங்கிலத்தில் அச்சிட்டுவிட்டு அறிவித்தோம் என்று சொல்வதை ஏற்க முடியாது. தமிழ் இந்நாட்டின் அரசகரும மொழி.

மூன்றாவது, கூலி. ட்ரோன் விமானிக்கு இன்று தோட்டத்தில் எந்த இடமும் இல்லை. அவர் தொழிலாளியுமல்ல, உத்தியோகத்தருமல்ல. வெளி ஒப்பந்தக்காரரிடம் ஏக்கர் கணக்கில் கூலி. மழை பெய்தால் பூச்சியம். ஊழியர் சேமலாப நிதிக்கு வேலை கொடுப்பவரின் 12 வீதமும் தொழிலாளியின் 8 வீதமும், நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் என்ற சட்டம் அவரைக் கண்டால் ஒதுங்கிப் போகிறது. சுழலும் இறக்கையில் விரல் போனால் 1934 ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் கீழ் யாரிடம் கேட்பது, ஒப்பந்தக்காரரிடமா, கம்பனியிடமா? 2021 இல் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிய பிறகு இப்படிப்பட்ட புது வேலைகளுக்கு விதி எழுதும் மேசையே இல்லாமல் போய்விட்டது. ஆகவே சம்பள சபையில் ட்ரோன் விமானிக்கும் உதவியாளுக்கும் தனித்தரம் வகுக்கப்பட வேண்டும் என்று இச்சங்கம் கேட்கும். அந்தத் தரத்துக்கு ஆள் எடுக்கும்போது, மருந்தடிப்பில் இருந்தவர்களுக்கும் தோட்டத்தில் வசிக்கும் அவர்களது பிள்ளைகளுக்கும் முதலிடம், பயிற்சிச் செலவு கம்பனியுடையது என்பதும் எமது கோரிக்கை. ட்ரோன் வாங்கப் பணமிருக்கும் கம்பனிக்கு அதை ஓட்டக் கற்றுக்கொடுக்கவும் பணமிருக்கும்.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எமது மாதர் பிரிவு சும்மா இருக்காது. மருந்தடிப்பு ஆம்பிளை வேலை என்று இருந்ததற்குச் சொல்லப்பட்ட காரணம் டாங்கியின் பாரம். இப்போது பாரம் இயந்திரத்தின் முதுகில். பிறகு ஏன் விமானி என்றதும் எல்லோரும் மகனைப் பற்றியே கேட்கிறார்கள்? இந்தியாவில் 2023 இல் தொடங்கிய நமோ ட்ரோன் தீதி என்ற திட்டத்தில் 15,000 பெண்கள் சுயஉதவிக் குழுக்களுக்கு ட்ரோன் கொடுப்பதாக அறிவித்தார்கள். விலையில் 80 வீதம் வரை, எட்டு இலட்சம் இந்திய ரூபா உச்ச வரம்பில், அரசாங்கம் கொடுக்கும். பயிற்சி 15 நாள். அங்கே அது முழுதாக வெற்றியா என்பது வேறு பேச்சு. ஆனால் ட்ரோனைத் தனியாளுக்குக் கடனாகக் கொடுக்காமல் குழுவுக்கு உதவியாகக் கொடுத்தது எமக்குப் பிடித்த விடயம்.

எமக்கும் குழு இருக்கிறது. தோட்டத் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்கள் பல தோட்டங்களில் பெயர்ப்பலகையோடு நிற்கின்றன. ஒரு விவசாய ட்ரோனும் அதன் பற்றரிகளும் ஜெனரேட்டரும் பல இலட்சங்களைத் தாண்டும். அதை ஒரு வீடு கடன்பட்டு வாங்கினால், ஒருமுறை சவுக்கு மரத்தில் மோதினால் அந்த வீடு முடிந்தது. பக்கத்துப் பக்கத்து ஐந்து தோட்டங்கள் கூட்டுறவின் பெயரில் ஒன்றை வாங்கி, காப்புறுதி செய்து, பயிற்சி பெற்ற நாலைந்து பேரை வைத்து, தோட்டக் கம்பனியோடும் சிறுதோட்ட உரிமையாளர்களோடும் நேரடியாக ஒப்பந்தம் செய்தால் என்ன? சுலபமாகச் சொல்லிவிட்டோம், சுலபமல்ல. கணக்கு வழக்கில் நாம் கூட்டுறவுகளை எப்படி நடத்தியிருக்கிறோம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் இதைப் பேசத் தொடங்க வேண்டும்.

அந்தத் தாய்க்குப் போன வாரம் பதில் சொன்னோம். தோட்டை வைக்க வேண்டாம் என்றோம். மகனையும் தடுக்க வேண்டாம் என்றோம். பையன் கணிதத்தில் கெட்டிக்காரன், கணினி பழகியவன். ஹட்டன் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையத்திலும் தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களிலும் இலத்திரனியல், கணினிப் பாடநெறிகளைப் பற்றி விசாரிக்கும்படி சொல்லியிருக்கிறோம். ட்ரோன் மாறினாலும் அந்தப் படிப்புக் கையில் இருக்கும். அதோடு, மரக்கறித் தோட்டங்களுக்கு மருந்து தெளிக்கும் ஒரு குழுவில் சனி, ஞாயிறு உதவியாளாகப் போக இடம் பார்த்துக் கொடுத்தோம். கையுறையும் முகமூடியும் தராவிட்டால் டாங்கியைத் தொட வேண்டாம் என்று அவனிடம் தனியாகச் சொல்லியனுப்பினோம். முதல் சனிக்கிழமை போய்விட்டு வந்து, "பறக்கவிட விடலீங்க, பற்றரிதான் தூக்கினேன்" என்று முகத்தைத் தொங்கப்போட்டானாம். அடுத்த சனியும் போயிருக்கிறான்.

தோட்டத் தலைவர்களுக்கும் மாதர் தலைவிகளுக்கும் ஒரு வேலை. உங்கள் தோட்டத்தில் ட்ரோன் மருந்து தெளித்திருக்கிறதா, எந்த மலையில், என்ன மருந்து, ஓட்டியவர் தோட்டத்தவரா வெளியாளா, அன்று மருந்தடிப்புக் கணக்கில் எத்தனை பேர் குறைந்தது என்று எழுதி, அடுத்த மாவட்டக் கூட்டத்துக்கு முன் காரியாலயத்தில் கொடுங்கள். ட்ரோன் தொழிலுக்குப் போக விரும்பும் இளைஞர், யுவதிகளின் பெயரும் படித்த வகுப்பும் தனித் தாளில் வேண்டும். தொழில் அமைச்சுக்கும் முதலாளிமார் சம்மேளனத்துக்கும் எழுதும் கடிதத்தோடு அந்தப் பட்டியலையும் இணைக்கப் போகிறோம். பெண் பிள்ளைகளின் பெயர் இல்லாமல் வருகிற பட்டியலைத் திருப்பி அனுப்புவோம்.